ஸ்பாமில் விழுந்த அழைப்புகள்

கூடுவாஞ்சேரி ஸ்டேஷன் ரோட்டில் நான் பிரவுசிங் சென்டர் நடத்திய நாட்களில், மெத்தைக் கடை பாய் ஒருவர் மாலையில் வருவார். சட்டையில் ஒட்டிய பஞ்சோடு உட்காருவார். கைக்குட்டையால் மவுஸைத் துடைத்த பிறகுதான் தொடுவார். அவருடையது அபூர்வமான ரத்த வகை. யாருக்காவது தேவைப்பட்டால் அவர் பெயர் கொடுத்திருந்த ரத்ததானக் குழு, உறுப்பினர்கள் எல்லோருக்கும் மெயில் அனுப்பும்.

“இன்னா தம்பி, மெயில் அனுப்பிகினே கீறோம்ன்றாங்க. எனக்கு ஒண்ணுமே வரலயே?”

ஸ்பாமைத் திறந்தேன். லாட்டரி, மாத்திரை விளம்பரங்களுக்கு நடுவில் குழுவின் மெயில்கள் கிடந்தன. ‘ஸ்பாம் அல்ல’ என்று குறித்து, குழுவின் முகவரியையும் அவருடைய தொடர்புகளில் சேர்த்தேன்.

“இனிமே நேரா இன்பாக்ஸுக்கு வந்துடும் பாய்.”

“இதுல ஒரு மாச மெயில்தான கீது. அதுக்கு முன்னாடி வந்ததுலாம்?”

“தானா அழிஞ்சிருக்கும்.”

அவர் திரையையே பார்த்தார். “அவங்களுக்கு வேற யார்னா குடுத்துருப்பாங்க, இல்ல?”

“குடுத்திருப்பாங்க பாய்” என்றேன். எனக்கு எப்படித் தெரியும்?

அதன் பிறகு குழுவின் மெயில்கள் ஒழுங்காக வந்தன. ஒருமுறை மெயிலைப் பார்த்ததும் தன் மெத்தைக் கடையைப் பூட்டக்கூட நிற்காமல் ரத்தம் கொடுக்க ரயிலுக்கு ஓடினார். ஆனாலும் தினமும் முதலில் ஸ்பாமைத்தான் திறப்பார். லாட்டரி மெயிலைக்கூட எழுத்துக்கூட்டிக் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் மூடுவார்.