ஆறாம் நம்பர் புள்ளி

டேங்க் கட்டுகிறவனுக்கு இரண்டே பயம்: காலியாக இருந்தால் காற்று, நிறைந்திருந்தால் தண்ணீர். பாதி நிறைந்திருக்கும்போதாவது நிம்மதியாக இருக்கலாமே என்று கேட்காதீர்கள். மட்டம் பார்க்கிற லெவல் கருவியில் ஒற்றைக் கண்ணை மூடி மூடிப் பார்த்து, வீட்டில் பெண்டாட்டியைக்கூட ஒற்றைக் கண்ணால் பார்க்கப் பழகிப்போன என் சக லெவல்காரப் பாவிகளே, உங்களுக்குத்தான் இது புரியும். 2010-இல் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே, கடலோரத்தில், ஓர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குக் கூடுதல் டேங்குகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். செம்மண்டலத்திலிருந்து தினமும் கம்பெனி வண்டியில் போய் வந்த சர்வே இஞ்சினியர் நான்.

ஆறு மாடித் தண்ணீர்

எண்ணெய் டேங்கில் முதலில் எண்ணெய் ஊற்ற மாட்டார்கள். தண்ணீர்தான். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அந்தப் பாரத்தில் கீழே மண் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். டேங்கைச் சுற்றி அடியில் எட்டுப் புள்ளிகள் குறித்திருக்கும். காலியாக இருக்கும்போது ஒரு ரீடிங், கால், அரை, முக்கால், முழுசு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ரீடிங். எட்டும் ஒன்றாக இறங்கினால் கவலையில்லை. ஒரு பக்கம் மட்டும் இறங்கினால் அடித்தகடு கிழியும்; கிழிந்தால் ஆறு மாடி உயரத் தண்ணீரும் அந்த வழியாகத்தான் வெளியே வரும்.

முதல் நாள் அண்ணாந்து பார்த்தேன். கழுத்து வலித்தது. எங்கள் இன்சார்ஜ் கலியமூர்த்தி சார் திருப்பாதிரிப்புலியூர்க்காரர், சத்தமே போட மாட்டார். அதனாலேயே அவரிடம் எல்லாருக்கும் பயம். என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அந்தோணி, டேங்க் எறங்கறது தப்பில்லப்பா. நொண்டறதுதான் தப்பு."

தண்ணி யாரோடது?

அவ்வளவு தண்ணீருக்கு எங்கே போவது? கடல்தண்ணீர் தகட்டை அரித்துவிடும். வளாகத்துக்குள் ஒரு பெரிய குளம் வெட்டி, போர் தண்ணீரும் மழைத்தண்ணீரும் சேர்த்து வைத்திருந்தோம். ஒரு டேங்கில் சோதனை முடிந்தால் அதே தண்ணீரை அடுத்த டேங்குக்குத் தள்ளுவோம். சொட்டு வீணானாலும் கலியமூர்த்தி சார் முகம் சுண்டிப்போகும்.

பக்கத்து ஊர்ப் பெண்கள் ஒரு நாள் காலிக் குடங்களோடு கேட்டுக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் கிணற்றில் உப்பு ஏறிவிட்டதாம். டேங்க் சோதனை முடிந்ததும் தண்ணீரைச் சுத்தம் செய்து ஊருக்குக் குழாய் போட்டுத் தருகிறோம் என்று சார் வாக்குக் கொடுத்தார். எனக்கு யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கத் துணிச்சல் இல்லை. முன்னால் நின்ற ஒரு அம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "எண்ண வெக்கிற தொட்டிக்கு எதுக்குய்யா தண்ணி? அதுவும் எங்க தண்ணி?"

பாம்பு

நான் தப்பு செய்தது நாலாவது டேங்கில். ஐப்பசி மழை மூன்று நாளாகக் கொட்டியிருந்தது. காலி டேங்குக்கு முதல் ரீடிங் எடுக்க வேண்டிய நாள். ஐந்து புள்ளி முடித்து ஆறாவதுக்குப் போனால், அங்கே மட்டும் முட்டியளவு தண்ணீர் தேங்கி நிற்கிறது. அதில் ஒரு பாம்பு தலையைத் தூக்கிக்கொண்டு சாவகாசமாக நீந்துகிறது. என்ன பாம்பு என்று கேட்காதீர்கள், நான் விசாரிக்கவில்லை.

மூன்று மணிக்குள் நோட்டு ஆபீசுக்குப் போக வேண்டும், அப்போதுதான் பம்ப் ஓடும். அளவுகோல் பிடிக்கிற கோவிந்தனும் இறங்க மாட்டேன் என்றுவிட்டார். ஐந்தாவதையும் ஏழாவதையும் பார்த்து, நடுவில் ஒரு எண்ணை ஆறாவதுக்கு எழுதினேன். எட்டில் ஒன்றுதானே, நாளைக்குத் தண்ணீர் வடிந்ததும் சரிபார்த்துக்கொள்ளலாம் என்று மனசுக்குச் சமாதானம் சொன்னேன். சாயங்காலமே பம்ப் ஓடத் தொடங்கிவிட்டது. காலி டேங்க் ரீடிங் எடுக்க இனி காலி டேங்க் ஏது? கோவிந்தன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்: "நான் ஒண்ணும் பாக்கல சார்."

ரெண்டாவது பொய்

கால் டேங்க் நிறையும் வரைக்கும் ஆறாவதில் தேங்கிய மழைத்தண்ணீர் வடியவில்லை. அப்போதும் மனசாட்சியைக் கேட்காமல் ஒரு எண் எழுதினேன். அரை டேங்கில்தான் இடம் காய்ந்தது. அளவுகோலை வைத்துப் பார்த்தால், மற்ற ஏழும் பன்னிரண்டு, பதின்மூன்று மில்லிமீட்டர் இறங்கியிருக்கின்றன. ஆறாவது நாற்பது! நிஜமாகவே மண் இறங்கியதா, இல்லை நான் எழுதிய முதல் எண்ணே தப்பா? கர்த்தருக்குத்தான் வெளிச்சம். உண்மையைச் சொன்னால் டேங்கைக் காலி செய்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். அடுத்த டேங்க் தயாராகவில்லை, குளமும் மழையில் நிரம்பிக் கிடந்தது. அத்தனை தண்ணீரும் வாய்க்காலில் போகும், கூடவே என் வேலையும் போகும். வீட்டில் ஸ்டெல்லாவுக்கு ஏழு மாசம்.

நோட்டில் பதினான்கு என்று எழுதினேன். நாற்பதை என் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். பக்கத்தில் ஜல்லி கொட்டிக்கொண்டிருந்த மஞ்சுளா, உள்ளூர்ப் பெண், கூடையை இறக்கி வைத்துவிட்டு எதார்த்தமாகச் சொன்னாள்: "இங்கதான் சார் எங்க மாமனாரு இறால் குட்ட வெச்சிருந்தாரு. அப்பவே ஒரு மாட்டை முழுங்கின சேறு."

டீ சாப்பிட வாடா

இப்போது சேவியரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்டெல்லாவின் தம்பி, சிதம்பரத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தவன். நான்தான் கெஞ்சிக் கூத்தாடி குழாய் ஃபிட்டராக வேலை வாங்கிக் கொடுத்தேன். அவனுடைய கோஷ்டிக்கு எங்கே வேலை விழுந்தது தெரியுமா? ஆறாம் புள்ளிக்கு நேர் கீழே, குழாய் பதிக்கத் தோண்டிய ஆளுயரப் பள்ளத்தில். டேங்க் அங்கே வாயைத் திறந்தால் ஏறி ஓட ஏணிகூட ஒன்றுதான்.

முக்கால் டேங்க். மற்ற ஏழும் இருபதில் நிற்கின்றன. ஆறாவது அறுபத்தைந்து; உள்ளங்கையில் மங்கிப்போன நாற்பதுக்குக் கீழே அதையும் எழுதினேன். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. முதல் எண் பொய்யாகவே இருக்கட்டும், அரைக்கும் முக்காலுக்கும் நடுவில் இறங்கிய இருபத்தைந்து என் கண்ணால் பார்த்தது. டேங்க் நொண்டுகிறது. பம்ப் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதே நேரம் பார்த்து ஸ்டெல்லா போன் செய்து, "தம்பி சாப்ட்டானா?" என்று கேட்கிறாள்.

பள்ளத்து ஓரம் ஓடினேன். "மச்சான், மேல வாடா, டீ சாப்பிடலாம்." இப்பத்தான் குடிச்சேன் என்றான். "ஸ்டோர்ல உன்னைக் கூப்புடறாங்க." அப்புறம் போறேன் என்றான். "அக்காவுக்கு உடம்பு முடியலடா!" என்று அபாண்டமாக ஒரு புளுகு. அவன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். பிறகு என் தலைக்கு மேலே நின்ற டேங்கைப் பார்த்தான். முட்டாள் இல்லை அவன். "மாமா, என்னை மட்டும் கூப்புடுறியே, கீழ இன்னும் பதினோரு பேரு இருக்கானுங்களே?"

ஒரே ஒரு கேள்வி

அந்தக் கேள்விக்குப் பிறகு என் கால் தானாக ஏணிப் பக்கம் ஓடியது. "எல்லாரும் மேல ஏறுங்கடா!" என்று கத்தினேன். கடைசி ஆள் ஏறும் வரைக்கும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிடித்தேனா, தொங்கினேனா, தெரியாது. அங்கிருந்து நேராக ஆபீஸ். கலியமூர்த்தி சார் முன்னால் உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் அழுதேன். பாம்பு, நோட்டு, பதினான்கு, எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவர் முதலில் பம்ப் ஹவுசுக்குப் போன் போட்டு நிறுத்தச் சொன்னார். அடுத்து வடிகால் வால்வைத் திறக்கச் சொன்னார். அதன் பிறகுதான் என் பக்கம் திரும்பினார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அதே மெதுவான குரலில் கேட்டார்: "ஆறாவது மட்டுமா அந்தோணி, இல்ல மத்த ஏழும் இப்பிடித்தானா?"

வெல்டிங் வரி

நாலு நாள் தண்ணீர் வடிந்தது. வாய்க்கால் நிறைய நுரையும் துருவுமாகக் கடலுக்கு ஓடியது. வேலிக்கு அந்தப் பக்கம் அந்த ஊர்ப் பெண்கள் குடங்களோடு நின்று பார்த்தார்கள். ஒருத்திகூடத் திட்டவில்லை. நான் வண்டிக்குள் குனிந்து உட்கார்ந்துகொண்டேன். அதற்குள் என்னை லெவலிலிருந்து எடுத்து ஸ்டோரில் போட்டிருந்தார்கள்.

ஐந்தாம் நாள் டேங்கின் ஆள்நுழை துவாரத்தைத் திறந்து உள்ளே போனார்கள். சார் என்னையும் வரச் சொன்னார். ஆறாம் புள்ளிக்கு நேரே, அடித்தகடும் சுவரும் சேருகிற வெல்டிங்கில், ஒரு முழ நீளத்துக்கு முடி மாதிரி ஒரு வெடிப்பு. சேவியர் மண்டி போட்டு அந்த வெடிப்பை விரலால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் தடவினான். கையை வேட்டியில்லாத குறைக்குப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு எழுந்தான். என்னைப் பார்க்காமலேயே சொன்னான்: "அக்காகிட்ட நான் சொல்ல மாட்டேன் மாமா. நீயே சொல்லிடு."

எட்டில் ஏழு புள்ளியை ஒழுங்காக எழுதியவனுக்கு எந்த ஊரிலும் ஏழு மார்க் போட மாட்டார்கள் என்பதை, ஸ்டோரில் ஒரு வருஷம் போல்ட்டு நட்டு எண்ணிக்கொண்டே, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை எண்ணிக்கொண்டே, தெரிந்துகொண்டேன்.