குளிக்காத நூறு பேர்

தென்காசிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் முத்துசெல்வி ஒன்பது வருடமாகப் புள்ளியியல் நடத்துகிறாள். பெயர் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பெயரோடு சரி. வருடா வருடம் வேலை இருக்குமா என்று நகத்தைக் கடிக்க வேண்டும்.

வியாழக்கிழமை அவள் பாடம் நடத்துவதைப் பார்க்கச் சென்னையிலிருந்து குழு வருகிறது. அவர்கள் மெச்சினால் வேலை நிரந்தரம். சூத்திரம் எழுதிக் காட்டி யாரை மயக்குவது? பிள்ளைகளே போய் எண்ணி வரட்டும் என்று ஆறு பையன்களைக் குற்றாலத்துக்கு அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை மெயினருவியில் நூறு ஆண்கள். ஒவ்வொருவரும் எத்தனை நிமிடம் தண்ணீரில் நிற்கிறார்கள் என்று குறிக்க வேண்டும்.

திங்கட்கிழமை நூறும் வந்தது. சராசரி பன்னிரண்டு நிமிடம். வரைந்தால், அவள் போர்டில் போட்டுக் காட்டியது போலவே, கோயில் மணி மாதிரி அப்படியொரு வளைவு. அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அழகைக் கண்டால் படித்தவளுக்கும் கண் அவிந்துவிடுகிறது.

படத்தைச் சுவரில் மாட்டும்போது, அறை பெருக்கும் சங்கரம்மாள் எட்டிப் பார்த்தாள். குற்றாலத்துக்காரி.

“என்னது டீச்சர் இது?”

“ஞாயித்துக்கெழம மெயினருவில குளிச்ச நூறு பேரு.”

“ஞாயித்துக்கெழமையா? வெள்ளம் வந்து போலீஸ்காரன் ஒருத்தனயும் உள்ள விடலயே! நூறு பேரும் எங்கன குளிச்சானுவ, ஒங்க வீட்டு அண்டாவுலயா?”

முத்துசெல்விக்கு முகம் சுண்டிப்போனது. பையன்களைக் கூப்பிட்டாள்.

“ஏலே விஜயசங்கர், உண்மையச் சொல்லு.”

“பஸ் ஸ்டாண்டுல உக்காந்து எழுதுனோம் மேம். சும்மா எழுதல. நீங்க போர்டுல போட்ட மணி மாதிரியே வரணும்லா, அதுக்கே நாலு மணி நேரம் ஆச்சு.”

அருவி திறந்திருந்தால், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு இரண்டு மணி நேரத்தில் எண்ணி முடித்திருக்கலாம்.

விஷயத்தைக் கேட்ட முதல்வர் ஆவுடைநாயகம் அசரவில்லை. “தேதிய மாத்திப் போடும்மா. வாறவங்க அருவிக்குப் போயா கேக்கப் போறாங்க?” முப்பது வருடமாக நிரந்தர வேலையில் இருப்பவருக்கு எல்லாமே லேசு.

புதன்கிழமை சாயங்காலம்தான் அருவியில் குளிக்க விட்டார்கள். முத்துசெல்வி ஆறு பேரையும் இழுத்துக்கொண்டு போய்ப் பாலத்தில் நின்றாள். இருட்டுவதற்குள் நாற்பத்தொரு பேர்தான் தேறினார்கள். பாதிப் பேர் குளிர் தாங்காமல் இரண்டே நிமிடத்தில் ஓடிவந்தார்கள். எண்ணெய் தேய்த்த ஒருவன் முக்கால் மணி நேரம் அசையவில்லை. படம் ஒரு பக்கம் வீங்கிய கன்னம் மாதிரி வந்தது.

மறுநாள் குழுவின் முன்னால் இரண்டு படத்தையும் மாட்டி, “இது பொய், இது நெசம், வித்தியாசத்த எம் பிள்ளைங்களே சொல்லுவாங்க” என்றாள். பையன்கள் நெளிந்து நெளிந்து சொன்னார்கள்.

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“முதல் படத்தையே வச்சிருக்கலாமேம்மா. ரிப்போர்ட்டுல போட லட்சணமா இருந்திருக்கும்.”

வேலை நிரந்தரமாகவில்லை.