சத்தமில்லாமல் கொண்டுபோன சீர்

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு ஒரு வியாதி பிடித்திருந்தது. வாரப் பத்திரிகை ஒன்றில் 'சுற்றுச்சூழல்' என்ற புது வார்த்தையைப் படித்துவிட்டு, மதுரையில் அதைக் காப்பாற்றப் பிறந்தவன் நான் ஒருவன்தான் என்று நம்பித் திரிந்தேன். ஆபீஸில் என்னோடு டீ குடிக்க வருவதையே எல்லாரும் நிறுத்திவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துத் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து வந்தது. தங்கச்சி வாக்கப்பட்டது திருவாதவூர்ப் பக்கம். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. பிறந்த வீடு என்றால் அவளுக்கு நான்தான். தாய்மாமன் சீர் வருகிறதென்றால் அந்த ஊரில் எல்லையிலேயே வேட்டுப் போட வேண்டும், கொட்டு முழங்க வேண்டும், கண்ணாடித்தாள் சுற்றிய தட்டுகள் வரிசையாக வர வேண்டும். நான் ஒவ்வொன்றாகக் கழித்துக்கட்டினேன். வேட்டு என்றால் புகை. கொட்டு என்றால் இரைச்சல். கண்ணாடித்தாள் மண்ணில் மக்காது. வேன் எதற்கு, பஸ் இருக்கிறதே. சேலை, பாவாடை, தேங்காய், பழம் எல்லாவற்றையும் ஓலைப்பெட்டிகளில் வைத்துத் துணியால் மூடிக் கொண்டுபோவது என்று முடிவு செய்தேன்.

"ஏங்க, சீரு கொண்டு போறாப்புலயா இருக்கு? கருவாடு விக்கப் போறாப்புல இருக்கு" என்றாள் என் மனைவி. "அந்த மாமியா சும்மாவே ஒங்க தங்கச்சிய நாதியத்தவ, நாதியத்தவன்னு குத்திக்கிட்டு இருக்கு. இன்னைக்காச்சும் அவ தல நிமிர வேணாமா?"

"நம்மளப் பாத்து நாலு பேரு திருந்தட்டும்" என்றேன். மண்டைக்கனம், வேறென்ன!

பஸ்ஸை விட்டு இறங்கி, நாலைந்து சொந்தக்காரர்கள் பெட்டிகளைச் சுமக்க, வரப்பு வழியாகக் குறுக்கே நடந்தோம். அந்த வழி பந்தலுக்குப் பின்னால், சமையல் நடக்கும் இடத்தில் கொண்டுபோய் விட்டது. சமையல்காரர் பெட்டிகளைப் பார்த்தார். "காய்கறி இப்பத்தான் வருதா? அம்புட்டையும் இங்கிட்டு எறக்குங்கய்யா!"

நான் வாய்க்காலில் கால் கழுவிவிட்டு வருவதற்குள் பெட்டிகளை இறக்கி, சீர்த் தேங்காயில் ஆறேழை உடைத்துத் துருவவும் ஆரம்பித்துவிட்டார்கள். இன்னொருவனாக இருந்தால் குதித்திருப்பான். எனக்கோ ஒன்றும் வீணாகாமல் பந்திக்கே போகிறதே என்று பூரிப்பு. வாழை இலை எப்படி மண்ணோடு மண்ணாகும் என்று சமையல்காரருக்கு விளக்க ஆரம்பித்தேன். "சரிண்ணே, கேட்டுக்கிட்டே இருக்கேன், அந்த வெங்காயத்த உரிங்க" என்றார். உட்கார்ந்து உரித்தேன்.

முன்பக்கம் எட்டிப் பார்க்கப் போன மனைவி ஓடி வந்தாள். "வெங்காயமா உரிக்கிறீக? அங்க வந்து பாருங்க!"

பந்தலில் ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவது வழக்கம். தங்கச்சி பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, ஊருக்குள் வரும் பாதையையே பார்த்தபடி நின்றாள். காது வேட்டுச் சத்தத்துக்குக் காத்திருந்தது. பின்னால் மாமியார் எல்லாருக்கும் கேட்கப் பேசிக்கொண்டிருந்தார்: "கொட்டையும் காணோம், வேட்டையும் காணோம். இனிமே எங்க வர? நேரம் போகுதுல்ல, சித்தப்பன் மடியில வச்சுக் குத்துங்க." சித்தப்பன் மணையில் உட்கார்ந்தே விட்டான். பிள்ளையை வாங்க யாரோ கை நீட்டினார்கள். தங்கச்சி கொடுக்கவில்லை. "வருவாக. எங்க அண்ணே வருவாக" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கையெல்லாம் வெங்காயத் தோலோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் நின்றேன். தங்கச்சி என்னைத் தலை முதல் கால் வரை ஒரு பார்வை பார்த்தாள். ஓலைப்பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு என் மனைவி பின்னால் நிற்பதையும் பார்த்தாள். 'என்னண்ணே இது' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தாலும் தாங்கியிருப்பேன்.

அவள் மாமியார் பக்கம் திரும்பிப் பந்தலே கேட்கக் கத்தினாள்: "எங்க அண்ணே அப்பவே வந்துட்டாக! நாந்தான் வேட்டு வேணாம், கொட்டு வேணாம், பிள்ள பயந்துக்கிரும்னு சொல்லி விட்டேன். சீரெல்லாம் உள்ள இருக்கு!"

சித்தப்பன் எழுந்தான். நான் உட்கார்ந்தேன். தங்கச்சி பிள்ளையை என் மடியில் வைத்தாள். ஆசாரி குத்தினார், பிள்ளை வீறிட்டது, நானும் அழுதுவிட்டேன். "மாமனுக்கு என்னா பாசம் பாரேன்" என்று பக்கத்தில் ஒரு அம்மாள் சொல்லிக்கொண்டிருந்தார். தங்கச்சி முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "ஆமா, எங்க அண்ணே அப்படித்தான்" என்றாள்.