காலுக்கு உரியவள்

எங்கள் ஊரில் ஒருவரின் கைப்பிழையால் இன்னொருவருக்குத் தீங்கு வந்துவிட்டால், பிழை விட்டவர்கள் பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்காயர் ஓரிருவரைக் கூட்டிக்கொண்டு வந்து "பொருந்திக்கங்க" என்று கேட்பார்கள். மன்னித்துவிடுங்கள் என்பதற்கும் ஒருபடி மேலான சொல் அது. கேட்டு வந்தவரை வெறுமனே திருப்பி அனுப்புவது வழக்கமில்லை. "அல்லாஹ்வுக்காகப் பொருந்திட்டன்" என்று சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகு அந்தக் கதையை யாரும் எடுக்கமாட்டார்கள். நல்ல வழக்கம்தான். ஆஸ்பத்திரியில் மகளின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நானும் அப்படித்தான் சொன்னேன்.

மகளுக்கு அப்போது ஐந்து வயது. வீட்டோடு ஓர் அறை சேர்த்துக் கட்ட மணல் சொல்லியிருந்தோம். கொண்டுவந்தவர் அடுத்த ஒழுங்கையில் குடியிருக்கும் டிப்பர்காரர், என் கணவருக்கு மச்சான் முறை. கூட வரும் ஆள் பகல் லுஹர் தொழப் போய்விட, பின்னால் யாரையும் நிறுத்தாமல் டிப்பர் லொறியைப் பின்னுக்கு எடுத்தார். மகள் பூனைக்குட்டியைத் தேடிக்கொண்டு அங்கே நின்றிருந்தாள். சத்தம் கேட்டு நான் ஓடிவந்தபோது லொறியின் பின்சில்லு அவளுடைய இடது காலில் ஏறி நின்றது. அதற்கு மேல் எழுத எனக்கு மனமில்லை.

பொருந்திய பிறகுதான் டொக்டர் விளக்கமாகச் சொன்னார். எலும்பு வளரும் இடம் நசிந்துவிட்டது, மற்றக் கால் வளரும், இது பின்தங்கும், பிள்ளை வளர வளரக் கொழும்பில் ஒப்பரேசன் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் ஊன்றுகோல்தான். என் கணவர் கரைவலை இழுக்கிறவர். வலையில் மீன் விழுந்த நாளில் மட்டும் எங்கள் வீட்டில் இரண்டு கறி.

விசாரித்து ஒரு பெண் லோயரிடம் போனோம். "வழக்கு அவர்ட பேர்லதான் போகும். காசு கட்டுறது டிப்பருக்கு இன்சூரன்ஸ் போட்ட காப்புறுதிக் கம்பனி. ஆனா அவர்ட பிழை எண்டு காட்டோணும்" என்றார்.

அழைப்பாணை போன அன்றே ஊர் என்னை வாயில் போட்டு மென்றது. "பொருந்திட்டு வழக்காம்!" டிப்பர்காரரின் மனைவி, என் கையில் சோறு வாங்கித் தின்றவள், கலியாண வீட்டில் எனக்குப் பக்கத்தில் இருந்து எழும்பிப் போய் வேறிடத்தில் இருந்தாள். எனக்கு நெஞ்சு எரிந்தது.

"விட்டிடுவமா புள்ள?" என்றார் என் கணவர். அவர் ஒருவரோடும் சண்டைக்குப் போகாத மனிசன்.

"எத விடச் சொல்றீங்க? கால விடவா?" என்று கேட்டேன்.

வழக்கு ஆமை நடை நடந்தது. தவணைக்கு மேல் தவணை. இதற்குள் மகளின் ஒரு சப்பாத்துக்கு மட்டும் அடி தடிப்பாகிக்கொண்டே போனது. ஒருவழியாக நான் சாட்சிக் கூட்டில் ஏறினேன். கம்பனியின் லோயர் தேன் குரலில் கேட்டார்: "பள்ளி மரைக்காயருக்கு முன்னால நீங்க இவரைப் பொருந்திட்டதாச் சொன்னீங்கதானே?"

"ஓம்."

"அப்ப இப்ப எதுக்கு வந்திருக்கீங்க?"

எங்கள் லோயர் சுருக்கமாகப் பதில் சொல்லச் சொல்லியிருந்தார். சுருக்கம் என் வாய்க்குப் பழக்கமில்லை.

"நான் பொருந்தின என்ட பங்கைத்தான் சேர். நான் அழுததப் பொருந்தினன். நித்திரை இல்லாமக் கிடந்ததப் பொருந்தினன். கால் என்டதில்ல, அது புள்ளைக்குரிய. அதப் பொருந்த எனக்கு உரித்தில்ல."

"அது சரிதானே!" என்று பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு சத்தம். ஆஸ்பத்திரிக்கு வந்த அதே மரைக்காயர். நீதிமன்றத்தில் வாய் திறந்ததற்கு அவருக்கு நல்ல ஏச்சு விழுந்தது. எனக்கோ உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது.

அடுத்த தவணையில் டிப்பர்காரர் கூட்டில் ஏறினார். பிள்ளை திடீரென்று குறுக்கே ஓடிவந்தது என்று அவர் சொல்லப்போவதாக ஊரில் கதை. ஆனால் அவர், "பின்னால ஆள் நிப்பாட்டாம எடுத்தன். புள்ள ஓடி வரல்ல, நிண்டுதான் இருந்த. பிழை என்ட" என்றார். அத்தனை காலமும் அவர்மேல் எனக்கிருந்த கோபம் அந்த இடத்திலேயே கரைந்துபோனது.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. கம்பனி கட்டியது. கொழும்புப் பயணங்கள் தொடங்கின. இரண்டு கால்களுக்கும் இடையில் இருந்த வித்தியாசம் குறைந்துகொண்டு வருகிறது. இன்றைக்கு அவள் படி இறங்கும் வேகத்தைப் பார்த்து நான்தான் "பையப் போ" என்று கத்துகிறேன். அப்படிக் கத்தக் கிடைத்ததே எனக்குப் போதும்.

தீர்ப்பு வந்த கிழமையில் டிப்பர்காரரும் மனைவியும் வீட்டுக்கு வந்தார்கள். மரைக்காயர் யாரும் கூட வரவில்லை. அவருடைய மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. பாடம் எழுதிக்கொண்டிருந்த மகளுக்கு முன்னால் போய்க் குந்தினார்.

"மகள், மாமாவப் பொருந்துவீங்களா?"

அவளுக்காக நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். சட்டென்று அடக்கிக்கொண்டேன். அவள் பேனையை வைத்துவிட்டு யோசித்தாள்.

"இன்னும் ஒப்பரேசன் இரிக்கி மாமா. எல்லாம் முடியட்டும், சொல்றன்."

"ஓம் மகள்" என்றார் அவர்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஒப்பரேசனுக்கும் அவரே வாகனம் பிடித்து எங்களைக் கொழும்புக்குக் கூட்டிப்போகிறார். இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று நான் கேட்பதில்லை.