ஆகச் சின்னச் சதுரத்தின் அளவுக்கு

அளவு குறைந்துபோன ஒரு போர்வைச் சதுரத்தில் தண்ணீர் தெளித்து இஸ்திரிப் பெட்டியை வைத்தேன். எழுந்த ஈரத்துணி வாசனையில், என் உலு திராம் அடுக்குமாடியிலிருந்து, சிறுவயதில் இருந்த பாலோ தோட்டத்து வீட்டுக்கு நினைவில் போய்விட்டேன். இப்போது அங்கே வீடில்லை, செம்பனை மரங்கள்தான்.

மழைக்கால மத்தியானங்களில், தகரக்கூரை இரைச்சலுக்குக் கீழே, அம்மா பழைய சாரோங், அப்பாவின் காக்கிச் சட்டை, என் பள்ளிப் பாவாடை எல்லாவற்றையும் சதுரமாக வெட்டிப் போர்வை தைப்பார். சதுரங்கள் ஒருபோதும் ஒரே அளவில் வராது; சின்னதை ஈரமாக்கி, இஸ்திரி போட்டு, இழுத்துப் பார்த்து, அப்படியும் போதாவிட்டால் ஓரத்தில் ஒரு பட்டி வைத்துத் தைப்பார். எனக்கு அந்தப் பட்டிகளைக் கண்டாலே பிடிக்காது. ஒருநாள் அம்மா காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தபோது, அப்பாவின் போர்வைக்கென்று அடுக்கியிருந்த சதுரங்களையெல்லாம் ஆகச் சின்னதற்குச் சமமாக வெட்டிவிட்டேன்.

“அலமாக், என்னடி பண்ணிட்ட? அப்பா எவ்ளோ உசரம்!”

ஒவ்வொன்றிலும் ஒரு விரலகலம்தான் போனது. தைத்து முடித்தபோது போர்வை ஒரு சாண் குறைந்திருந்தது. வேறு துணியும் இல்லை.

அப்பா மட்டும், “கோடெல்லாம் நல்லா நேரா இருக்கு லா” என்று மெச்சிவிட்டு, கடைசிவரை காலை மடக்கியே தூங்கினார்.