இரண்டு முள்ளும் நடுவில்

மகளுக்கு ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் குழந்தை பிறந்திருக்கிறது. போய்ப் பார்க்க வேண்டும். என் மனைவி விமானம் ஏறியதில்லை. பயம். சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்குக்கூட பஸ்தான். கண்ணே தெரியாத மேகத்தில் எப்படி இறக்குவார்கள் என்று கேட்பாள். எனக்குத் தெரியாது. நான் பஸ் ஓட்டுகிறவன்.

ஓய்வு நாளில் தேக்கா மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்கப் போனோம். அப்படியே பூகிஸ் பக்கம் ஒரு மாலுக்குக் கூட்டிப் போனேன். அங்கே தரையில் இருந்தபடியே விமானம் ஓட்டிப் பார்க்கிற சிமுலேட்டர் இருக்கிறது.

"நீங்க இறக்கிக் காட்டுங்க. அப்புறம் டிக்கெட்டப் பத்திப் பேசலாம்" என்றாள். முருங்கைக்காய்ப் பையோடு பின் சீட்டில் உட்கார்ந்தாள்.

சொல்லிக் கொடுத்தது ஒரு சீனப் பெண். கண்ணாடி முழுக்க மேகம் வைத்தாள். வெறும் வெள்ளை. ஓடுபாதையிலிருந்து ரேடியோ அலை வருமாம். அதைப் பிடித்து டயலில் இரண்டு முள் காட்டும். நிற்கிற முள் இடம் வலம். படுத்த முள் மேலே கீழே. இரண்டும் நடுவில் இருந்தால் வழி சரி. வெளியே பார்க்காதீங்க அங்கிள், முள்ளைப் பாருங்க என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

பக்கவாட்டில் வந்துகொண்டிருந்தோம். நிற்கிற முள் ஓரத்திலிருந்து நடுவுக்கு நகர்ந்தது. திரும்ப வேண்டும். நான் திரும்பவில்லை. பஸ்ஸில் முன்சக்கரம் நம் சீட்டுக்குப் பின்னால் இருக்கும். முனையைக் கொஞ்சம் தாண்டித்தான் வளைப்போம். இல்லாவிட்டால் பின்சக்கரம் நடைபாதையில் ஏறிவிடும். கை அதையே செய்தது. முள் மறுபக்க ஓரத்துக்குப் போய்விட்டது. துரத்தினேன். விமானம் பாம்பு மாதிரி நெளிந்தது. இறங்க வேண்டாம், மேலே ஏற்றுங்க என்றாள் அந்தப் பெண்.

பின்னாலிருந்து குரல் வந்தது. "ஸ்டாப்ப விட்டுட்டீங்களா?"

இன்னொரு தடவைக்குத்தான் நேரம் இருந்தது. இதுவும் போனால் பேரனை போனில்தான் பார்ப்பாள்.

மறுபடி வந்தோம். முள் அசைந்ததுமே திருப்ப ஆரம்பித்தேன். கை இன்னும் கொஞ்சம் போ என்றது. விடவில்லை. முள் நடுவில் வந்து நின்றது. படுத்த முள்ளும் மேலிருந்து இறங்கி வந்து அதன்மேல் குறுக்கே படுத்தது. அந்தப் பெண் சக்கரங்களை இறக்கினாள். நான் மூக்கைத் தாழ்த்தினேன்.

வெள்ளை. இன்னும் வெள்ளை. நெஞ்சு அடித்துக்கொண்டது. இத்தனை வருஷ ஓட்டத்தில் அப்படி அடித்ததில்லை. முள் மயிரளவு விலகும், விரலால் தொட்டால் திரும்பி வரும். பின்னால் பை கசங்குகிற சத்தம். அவள் எழுந்து என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சட்டென்று மேகம் விட்டது. நேர் எதிரே விளக்குகள், வரிசையாக. ஓடுபாதை அங்கேயே இருந்தது. நான் சத்தம் போடுகிற ஆள் இல்லை. போட்டிருக்கிறேன், அவள் அப்புறம் சொன்னாள். நிற்கிற பயணி விழாதபடி பஸ்ஸை நிறுத்துவோமே, அப்படித் தரையில் வைத்தேன்.

நிஜ விமானத்திலும் இந்த முள் உண்டா என்று என் மனைவி கேட்கச் சொன்னாள். கேட்டேன். உண்டு என்றாள் அந்தப் பெண்.

"அப்ப டிக்கெட் போடுங்க. ஆனா அந்த பைலட்டுகிட்டப் போயி எப்படித் திருப்பணும்னு சொல்லிக் குடுக்காதீங்க."

அவள் மனசு மாறுவதற்குள், வீட்டுக்குப் போகிற எம்ஆர்டி ரயிலிலேயே போனில் டிக்கெட் போட்டுவிட்டேன்.