சுத்த சைவம் என்று எழுதியவள்

இணையத்தில் எதையாவது தேடினால் தலைப்புக்குக் கீழே இரண்டு வரிச் சுருக்கம் வருமே, அதை எழுதித் தருவதுதான் கொச்சி மட்டாஞ்சேரி ஸாதனாவுக்குத் தொழில். பதினோரு வருஷமாக மாடியறையில் உட்கார்ந்து எழுதுகிறாள். இணையப் பக்கத்தில் இல்லாததைச் சுருக்கத்தில் சொல்லக் கூடாது என்று புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் வேறு எடுப்பாள். அவளுக்கோ படிக்காமலே எழுதும் அளவுக்குக் கை தேறியிருந்தது.

அதே தெருவில் நாலு வீடு தள்ளி, தென்காசிப் பக்கமிருந்து வந்த வீரபாண்டியும் அவர் மனைவி மாடத்தியும் தமிழ் மெஸ் நடத்துகிறார்கள். அவர்களுடைய இணையப் பக்கத்துக்குச் சுருக்கம் எழுதும் வேலை ஒரு ஏஜென்சி வழியாக வந்தது. மேலே வாழையிலையில் சாம்பார் சாதம் படம். ஸாதனா அதற்குக் கீழே இறங்கவில்லை. பாலக்காட்டு ஐயர் வீட்டுப் பெண்ணான அவளுக்குத் தமிழ்ச் சாப்பாடு என்றால் வேறென்ன? ‘மட்டாஞ்சேரியில் வீட்டுச் சுவையில் தமிழ்ச் சாப்பாடு, சுத்த சைவம்’ என்று தட்டி அனுப்பிவிட்டாள். மீன் குழம்பும் நெத்திலி வறுவலும் பக்கத்தின் அடியில் கிடந்தன.

இரண்டு மாதம் கழித்து வேறு ஏதோ திருத்தத்துக்காகத் திறந்தபோதுதான் அவை கண்ணில் பட்டன. பேசாமல் வரியை மாற்றிவிட்டு இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். மனசு கேட்கவில்லை. மத்தியானம் செருப்பை மாட்டிக்கொண்டு முதல் தடவையாக அந்த மெஸ்ஸுக்குப் போனாள். சாப்பாட்டு நேரத்தில் மூன்றே பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

“இங்கே மீன் இல்லையா?” என்று கேட்டாள்.

“இருந்திச்சு மேடம்,” என்றார் வீரபாண்டி. “ஃபோன்ல சைவம்னு போட்டிருக்காம். அதப் பாத்து வந்தவிய மீன் வாடைக்கு மூக்கப் பொத்திட்டு எந்திரிச்சுப் போனாவ. படிச்சவிய யாரோ எழுதிருக்காவ, காரணமாத்தான் இருக்கும்னு மீன நிறுத்திட்டோம். கட்டட வேலைக்கு வார நம்ம ஆளுக இப்ப வேற கடைக்குப் போறாவ.”

அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது ஸாதனாவுக்கு.

“எழுதினது நானாக்கும், அண்ணாச்சி. முழுக்க வாயிக்காம, படிச்சுப் பாக்காம எழுதிட்டேன். தெத்து, தப்பு என்னோடதுதான்.”

அடுப்படியிலிருந்து மாடத்தி வெளியே வந்தாள்.

“நாலு வீடு தள்ளித்தான இருக்கீய. ஏழு வருசமா எங்க மீன் கொழம்பு வாடை உங்க வீட்டுக்கு வரலியா?”

வந்தது. ஏழு வருஷமும் வந்தது. ஒவ்வொரு தடவையும் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தியிருக்கிறாள்.